நெட் கனெக்‌ஷன்: போட்டி மட்டும் போதுமா, அரசு விதியும் வேண்டுமா?

கேள்வி: எனக்கும் என் மகனுக்கும் வீட்டில் இது ஓயாத வாக்குவாதம். "2016-ல் ஜியோ வந்தது, டேட்டா விலை தரைக்கு வந்தது. எந்த அதிகாரி வந்து குறைத்தார்? கம்பெனிகளை அவர்கள் போக்கில் விட்டாலே போதும்" என்கிறான். கண்காணிக்க ஆள் இல்லாவிட்டால் நம் தோலை உரித்துவிடுவார்கள் என்பது என் கட்சி. நீங்கள் யார் பக்கம்?
வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மகன் சொன்ன சம்பவம் உண்மைதான், அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். 2016 செப்டம்பருக்கு முன்னால் 1 ஜிபி டேட்டாவுக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தோம். அடுத்த ஆண்டே 303 ரூபாய்க்கு 28 நாள், தினமும் 1 ஜிபி கிடைத்தது. ஒரு ஜிபி 11 ரூபாய்கூட ஆகவில்லை. அதற்கும் முன்னால், 2009-ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று ஆரம்பித்ததும், நிமிடக் கணக்கில் காசு பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். இரண்டும் போட்டி கொடுத்தவை.

ஆனால் அந்தப் போட்டிக்கு வாசலைத் திறந்துவிட்டது யார்? நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. எந்தக் கம்பெனியும் ஆசைப்பட்டுக் கொடுத்த வசதி இல்லை அது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட விதி. ஜியோ வந்த புதிதில் அந்த நம்பரிலிருந்து மற்ற நம்பர்களுக்குக் கால் போகாமல் அறுந்துகொண்டே இருந்தது நினைவிருக்கும். இரண்டு நெட்வொர்க்கும் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகள் போதுமான அளவு தரப்படவில்லை என்பதுதான் அப்போது எழுந்த புகார். ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று 2016 அக்டோபரில் டிராய் பரிந்துரைத்தது. கம்பெனிகள் குற்றச்சாட்டை மறுத்தன. எது எப்படியோ, நடுவர் ஒருவர் இல்லையென்றால் புதிதாக வருகிறவர் எவ்வளவு பணம் கொட்டினாலும் அவருடைய போன், அடித்தாலும் எதிர்முனைக்குப் போகாத போனாகவே இருந்திருக்கும்.

அடுத்த கதையையும் மகனிடம் கேளுங்கள். நம் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஒரு ஏர்செல் சிம் இருந்த காலம் உண்டு. 2018 தொடக்கத்தில் அது திவாலாகி, சிக்னல் போய், நம்பரையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று போர்ட் கோட் வாங்க ஜனங்கள் அலையாய் அலைந்தார்கள். அதே ஆண்டு வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இப்போது தனியாரில் மூன்று பேர், அப்புறம் பிஎஸ்என்எல். 2019 டிசம்பர், 2021 இறுதி, 2024 ஜூலை என்று மூன்று முறையும் தனியார் மூவரும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து விலை ஏற்றினார்கள். ஒருவர் ஏற்றும்போது இன்னொருவர் ஏற்றாமல் நின்று வாடிக்கையாளரைப் பிடிப்பதுதானே போட்டி? ஆள் குறைந்த ஆட்டத்தில் அது நடப்பதில்லை.

என்னை உறுத்துவது விலையைவிட இன்னொரு விஷயம். மாதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது 28 நாளாகிவிட்டது. வருடத்துக்கு 12 ரீசார்ஜ் இருந்த இடத்தில் 13. எல்லாக் கம்பெனியும் அதே 28. 30 நாள் திட்டம் ஒன்றாவது, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற திட்டம் ஒன்றாவது வைத்தே ஆகவேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவு போட்ட பிறகுதான் கிடைத்தது. என் அத்தை நெல்லிக்குப்பத்தில் இருக்கிறார். பட்டன் போன், பேச மட்டும்தான். அந்தப் போனுக்கும் தினம் 1.5 ஜிபி டேட்டாவோடு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தோம், வேறு வழியில்லாமல். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டம் கட்டாயம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி வந்தது. அத்தை மாதிரி லட்சக்கணக்கானவர்கள் இருந்தும், அவர்களைப் பிடிக்க எந்தக் கம்பெனியும் தானாக முன்வரவில்லை.

நீங்களும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரசே கடை நடத்துவது வேறு, கடைகளுக்கு அரசு விதி போடுவது வேறு. தனியார் 4ஜி கொடுத்துப் பல வருடம் ஆன பிறகும் பிஎஸ்என்எல்லை 3ஜியில் உட்கார வைத்தது அரசுதான். அந்தத் தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆடுகிறவரும் நடுவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்றுதான் 1997-ல் டிராய் தனியாக உருவானது.

யார் பக்கம் என்று கேட்டீர்கள். விலையை அரசு எழுதித் தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை மகன் கட்சிக்கே விட்டுவிடுகிறேன். ஆனால் பிடிக்காவிட்டால் நாம் எழுந்து போகும் வழியை யாரும் பூட்டாமல் இருக்கிறார்களா என்று பார்க்க விதி வேண்டும், கறாரான விதி. அதில் நான் உங்கள் கட்சி.

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மகள் வீட்டு நெட்டுக்கு மாதம் 70 டாலர் கட்டுகிறாள். அவள் ஏரியாவில் ஒரே ஒரு கேபிள் கம்பெனிதானாம். தனியார் போட்டிக்குப் பேர்போன நாட்டில் இது எப்படி?
வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கடையை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், ஆனால் வீடு வீடாகக் கேபிள் புதைக்கப் பெரும் பணம் வேண்டும். முதலில் புதைத்தவர் இருக்கும் தெருவில் இரண்டாவது ஆள் பள்ளம் தோண்டத் தயங்குவார், பாதி வீடுதான் கிடைக்கும் என்று. அமெரிக்காவின் பல ஊர்களில் நடந்தது இதுதான்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. கேபிளை வைத்திருப்பவர் நியாயமான வாடகைக்கு மற்றவர்களுக்கும் அதைத் திறந்துவிட வேண்டும் என்று சட்டம் போடுவது. பிரிட்டனில் பிரிட்டிஷ் டெலிகாமின் லைன்களைக் கவனிக்க 2006-ல் ஓப்பன்ரீச் என்ற தனிப் பிரிவை ஏற்படுத்தினார்கள். ஒரே லைனில் பல கம்பெனிகள் வியாபாரம் செய்தன. அமெரிக்காவிலும் 1996 தொலைத்தொடர்புச் சட்டம் அந்த வழியில்தான் தொடங்கியது. பிராட்பேண்ட் விஷயத்தில் 2003-க்கும் 2005-க்கும் இடையில் அந்த வழியைக் கைவிட்டார்கள். நம் ஊரில் பிஎஸ்என்எல்லின் செம்புக் கம்பியைத் தனியாருக்கும் திறந்துவிடச் சொல்லி 2004-ல் டிராய் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை அதைக் கட்டாயமாக்கவில்லை. தரைவழி போன் இன்னும் பலர் வீட்டில் இருந்த நாட்கள் அவை. அப்போதே திறந்திருந்தால் தெருவுக்கு நாலு கம்பெனி வந்திருக்கும். அந்த வாய்ப்பை விட்டதில் எனக்கு இன்றும் வருத்தம்.

இன்னொரு விஷயத்தில் மகளைவிட நீங்கள் கொடுத்து வைத்தவர். கட்டணம் தருகிற இணையதளத்தை வேகமாகவும் தராததை மெதுவாகவும் நெட் கம்பெனி ஓட்டக் கூடாது என்ற விதி அங்கே 2015-ல் வந்து, 2017-ல் ரத்தாகி, 2024-ல் திரும்பி வந்து, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்தது. இங்கே தளத்துக்குத் தளம் டேட்டா விலையை மாற்றுவதை 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் தடை செய்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டம் அத்தோடு நின்றது. 2018 ஜூலையில், எல்லாத் தளத்தையும் ஒன்றுபோல நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலைக் கொள்கைக்கு மத்திய அரசும் ஒப்புதல் கொடுத்தது.

கேள்வி: கேபிள்காரர் மூலம் ஒரு பெரிய கம்பெனியின் ஃபைபர் கனெக்‌ஷன் வைத்திருக்கிறோம். எங்கள் பகுதியில் அவர் ஒருவர்தான். வாய்க்கால் வேலைக்கு வந்த ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டது. ஒன்பது நாள் நெட் இல்லை. போன் செய்தால் "ஆள் வருவார்" என்ற பதில்தான். பில் மட்டும் முழு மாதத்துக்கும் வந்துவிட்டது. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பும் போனது. என்ன செய்யலாம்?
வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: முதலில் என் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்ததல்லவா, அன்று எங்கள் தெருவில் வேப்பங்கிளை விழுந்து ஃபைபர் அறுந்தது. மோடத்தில், சிக்னல் அறுந்ததைக் காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னியது. தண்ணீர் வடிந்த மறுநாளே ஒரு தம்பி மொபெட்டில் வந்தார். கேபிளின் கறுப்பு உறையை உரித்தார். உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நுனியைச் சீராக வெட்டி, சாப்பாட்டு டப்பா அளவுள்ள ஸ்ப்ளைசிங் மெஷினில் இரண்டு முனையையும் எதிரெதிரே வைத்து மூடினார். குட்டித் திரையில் இரண்டு கோடுகள் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டன. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். அவர் ஏன் அவ்வளவு அவசரமாக வந்தார் என்றால், எங்கள் தெருவில் மூன்று பேர் கனெக்‌ஷன் கொடுக்கிறார்கள். தாமதித்தால் நாங்கள் அடுத்தவரிடம் போய்விடுவோம். உங்களிடம் அந்தப் பயம் அவர்களுக்கு இல்லை. அதனால் நீங்கள் விதியைக் கையில் எடுக்க வேண்டும்.

2024 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கும் டிராய் சேவைத்தர விதிப்படி, கம்பிவழி இணைப்பில் பழுது மூன்று நாளைத் தாண்டினால் வாடகையில் கழிவு தர வேண்டும். கேட்டால்தான் கொடுப்பார்கள், அதனால் கேளுங்கள். மாவட்டம் முழுக்க 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் கழிவு தருவது தனி விதி. புயல், வெள்ளத்துக்கு அதில் விலக்கு உண்டு. ஜேசிபி அறுத்தது இயற்கைப் பேரிடர் ஆகாது.

கேபிள்காரரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. பில்லில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறதோ அதன் வாடிக்கையாளர் மையத்தில் புகார் பதிந்து, டாக்கெட் எண் வாங்குங்கள். தேதி, நேரத்தோடு அந்த எண்ணைக் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். சிவப்பு விளக்கு எரியும் மோடத்தைத் தினம் ஒரு போட்டோ எடுத்தால் இன்னும் நல்லது. பதில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி இருப்பார். அவரிடம் முறையிடக் கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு நேராக எழுதிப் பலர் ஏமாந்து போகிறார்கள். தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை.

அதற்கும் மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாகக் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. டெலிகாம் வழக்கு அங்கே செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2009 தீர்ப்பு ஒன்றைக் காட்டி முன்பு அப்படித் திருப்பி அனுப்பியது உண்மை. டெலிகாம் சேவைக் குறைபாட்டையும் நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

ஒன்பது நாள் வாடகை 200 ரூபாய்கூட இருக்காது, இதற்காக இவ்வளவா என்று தோன்றும். உங்கள் பகுதியில் அறுந்து கிடந்தது உங்கள் வீட்டுக் கேபிள் மட்டுமாக இருக்காதே. பத்து வீட்டுக்காரர்கள் பத்து டாக்கெட் எண்ணோடு ஒன்றாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்டில் சங்கம் ஒரு கம்பெனிக்கு மட்டும்தான் அனுமதி தருகிறது. இது சரியா?
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: எனக்குத் தெரிந்து இதற்கு இரண்டில் ஒன்றுதான் காரணம்: அந்தக் கம்பெனி சங்கத்துக்கு ஏதோ ஒரு வகையில் பணமோ சலுகையோ தருகிறது, அல்லது மாடிப்படி முழுக்க ஒயர் தொங்கும் என்று செயலாளர் பயப்படுகிறார். முதல் காரணம் என்றால் பொதுக்குழுவில் கணக்குக் கேளுங்கள், ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்றும் கேளுங்கள். இரண்டாவது என்றால் ஒரே குழாய் வழியாக இரண்டு, மூன்று கம்பெனி ஒயர் எடுக்கச் செலவு அதிகம் ஆகாது. 2024-ல் டிராய் கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பு வசதியைப் பொறுத்து நட்சத்திர மதிப்பீடு தரும் விதிகளைக் கொண்டுவந்தது. வீட்டை விற்கும்போது, வாடகைக்கு விடும்போது இது விலைபோகும் என்பதைச் சங்கத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ரவுட்டர் இலவசம், இரண்டு மாதம் கூடுதல் என்கிறார்கள். கட்டலாமா?
வாசகர், வில்லியனூர்

பதில்: புதுக் கனெக்‌ஷன் என்றால் கட்டாதீர்கள். முதல் இரண்டு, மூன்று மாதம் மாதாமாதம் கட்டிப் பாருங்கள், குறிப்பாக ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிடுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டால் உங்கள் புகாருக்கு அவசரம் போய்விடும்.

அப்புறம் சில கணக்குகள். விளம்பரத்தில் 499 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துக் கையில் கொடுப்பது 588 ரூபாய் 82 காசு. அன்லிமிடெட் என்று எழுதியிருக்கும் பல திட்டங்களில் மாதம் 3300 ஜிபி வரம்பு உண்டு. சாதாரண வீட்டுக்கு அது தாராளம்தான், ஆனால் வரம்பு தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும் என்று எழுத்தில் கேளுங்கள். ரவுட்டர் இலவசம் என்றால் அது உங்களுடையதா, திருப்பித் தர வேண்டியதா? டெபாசிட் வாங்கியிருந்தால் ரசீதில் 'திரும்பத் தரப்படும்' என்ற வார்த்தை இருக்கிறதா? கனெக்‌ஷனை நிறுத்தும் நாளில் எல்லாச் சண்டையும் அந்த ரவுட்டரை வைத்துத்தான் வருகிறது.