மருத்துவக் கஞ்சா பற்றி ஏன் இன்னும் உறுதியான ஆய்வு முடிவுகள் இல்லை?

அமெரிக்காவில் பல மாநிலங்கள் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த பிறகும் மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் சொல்லும் காரணம். அந்தச் சான்று சேராமல் போனதற்குச் சட்டமே பெரும் காரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

1970ஆம் ஆண்டு அமெரிக்க மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், ஏற்கப்பட்ட மருத்துவப் பயன் எதுவும் இல்லாதவை என்று சொல்லி, ஹெராயினோடு கஞ்சாவையும் மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் பட்டியலில் சேர்த்தது. கோகெய்னுக்குக் கூட இரண்டாம் பட்டியலில்தான் இடம். பயன் உண்டு என்று நிறுவ ஆய்வு வேண்டும். ஆய்வு செய்ய முனைபவரோ மத்திய போதைப்பொருள் அமலாக்கத் துறையிடம் தனிப் பதிவு பெற்று, சரக்கைப் பூட்டிய பெட்டகத்தில் வைத்து, எடுத்ததற்கும் மீந்ததற்கும் கணக்கு எழுத வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை, செடி கிடைக்கும் இடம். 1968 தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல், ஆய்வுக்கான கஞ்சாவை வளர்க்க உரிமம் பெற்றிருந்தது மிசிசிப்பி பல்கலைக்கழகம் மட்டுமே. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் லைல் கிரேக்கர் 2001இல் தாமும் வளர்க்க அனுமதி கேட்டார். 2007இல் அமலாக்கத் துறையின் நிர்வாக நீதிபதி அவருக்குச் சாதகமாகப் பரிந்துரைத்தும், அத்துறை 2009இல் மறுத்துவிட்டது. அதற்குள் மாநில அனுமதி பெற்ற கடைகளில் விற்கும் சரக்கு, ஆய்வுச் சரக்கைவிட வீரியம் கூடியதாகிவிட்டது. நோயாளி உட்கொள்வது ஒன்றாகவும் ஆய்வில் சோதிக்கப்படுவது வேறொன்றாகவும் இருந்தால், அந்த முடிவை வைத்து அவருக்கு என்ன ஆலோசனை சொல்ல முடியும்?

ஆய்வு நடந்த இடங்களில் தெளிவும் பிறந்திருக்கிறது. கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்து, இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு 2018இல் அங்கீகாரம் பெற்றது.

அதற்காக, தடை நீங்கினால் எல்லா முடிவுகளும் ஆதரவாளர்கள் விரும்பியபடியே வரும் என்று நான் சொல்லவில்லை. மன அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்புள்ள முன்னாள் ராணுவத்தினரிடம் நடந்த ஒரு கஞ்சாச் சோதனைக்கு 2011இல் உணவு மருந்து நிர்வாகம் இசைந்தது. முடிவு வெளியாக 2021 ஆயிற்று. கஞ்சா புகைத்தவர்களோடு, வீரியம் நீக்கிய போலி மருந்து பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவு நலம் கண்டிருந்தார்கள். பங்கேற்றவர்கள் நூறு பேருக்கும் குறைவு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய இந்த ஒரு செய்திக்கு, நோயாளிகள் பத்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

2022 டிசம்பரில் கையெழுத்தான மருத்துவக் கஞ்சா ஆய்வு விரிவாக்கச் சட்டம், ஆய்வு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கக் காலக்கெடு விதித்தது. அது நல்ல தொடக்கம். கடையில் விற்கும் பொருளையே ஆய்வாளர் வாங்கி, நோயாளிகளிடம் முறைப்படி சோதிக்கவும் வழி செய்ய வேண்டும்.