ஆபாசம் என்று எழுதியவரும் நீங்கள், அனுப்பியவரும் நீங்கள்

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். தரம் 9இல் படிக்கும் என் 14 வயது மகள், பாடசாலை மாணவர்களின் கதை என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு தொடரைப் பார்த்தாள். அதில் படுக்கையறைக் காட்சி வந்தது. டிவி பொக்ஸ் பொருத்திய கடைக்காரரிடம் பின் நம்பர் போட்டு லொக் செய்து தரும்படி முன்பே சொல்லியிருந்தேன், அவர் செய்யவில்லை. காட்சியைக் கைபேசியில் பதிவு செய்து பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். கடையின் படத்தையும் பெயரையும் முகநூலில் போட்டு, ‘பிள்ளைகளுக்கு ஆபாசப் படம் விற்கிறவன்’ என்று எழுதினேன். இப்போது 20 இலட்சம் ரூபாய் நட்டஈடு கேட்டு, 14 நாள் தவணையுடன் அவருடைய சட்டத்தரணியின் கடிதம் வந்திருக்கிறது. அவர் மீதும் தொடரை வெளியிட்ட நிறுவனத்தின் மீதும் நான் வழக்குப் போட முடியாதா?

பதில்: கடைக்காரரின் அலட்சியமும், விளம்பரத்தின் பொய்யும், மகள் பட்ட மனவருத்தமும் உங்கள் கடிதத்தில் மூன்று பக்கங்களை நிறைத்திருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் முதலில் படுவது நான்காம் பக்கத்தில் உள்ள ஒரு வரி: காட்சியைப் பதிவு செய்து நாற்பது பேர் உள்ள குழுவுக்கு அனுப்பினேன் என்பது.

நீங்கள் எழுதியதை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இப்படித்தான் வாசிப்பார். அந்தக் காட்சி ஆபாசமானது என்றால், அதைப் பரப்பியவர் நீங்கள். ஆபாசமில்லை என்றால், ஒரு வியாபாரியை ஆபாசப் படம் விற்பவர் என்று பெயர், படத்துடன் அவதூறு செய்தவர் நீங்கள். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம்தான். அதை வெட்டிய மண்வெட்டி உங்கள் கைபேசி.

முதலில் ஆபாசம் என்ற பக்கத்தைப் பார்ப்போம். இலங்கையில் 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. அதைவிடக் கடுமையானது, 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 286அ பிரிவு. 18 வயதுக்குட்பட்ட ஒருவர் தோன்றும் ஆபாசப் படத்தை வெளியிடுவது மட்டுமன்றி, வைத்திருப்பதே அதன் கீழ் குற்றம். இரண்டு ஆண்டுக்குக் குறையாத, பத்து ஆண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனை. மாணவியாக நடிப்பவர் பெரும்பாலும் வயது வந்தவராகவே இருப்பார். இந்தத் தொடரில் நடித்தவரின் வயது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிகிறவருக்கும் தெரியாது. முடிவில் நீதிமன்றம் அந்தக் காட்சியை ஆபாசமாகக் கொள்ளாமலே விடக்கூடும். ஆனால் அந்த முடிவு வரும்வரை கைபேசி உங்களிடம் இருக்காது. ‘சாட்சி காட்டுகிறேன்’ என்று தானே பொலிஸுக்குப் போய்க் கைபேசியை மேசையில் வைத்த ஒரு தகப்பனுக்காக நான் ஆஜராகியிருக்கிறேன். அது வழக்குப் பொருளாகி மாதக்கணக்கில் திரும்பி வரவில்லை. அவர் முறைப்பாடு செய்த கடை மறுநாளும் திறந்தே இருந்தது.

அடுத்த பக்கம் அவதூறு. அவதூறு 2002 முதல் குற்றமாக இல்லை என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சரிதான், ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு அப்படியே இருக்கிறது. நம் நாட்டில் பின்பற்றப்படும் உரோம-டச்சுச் சட்டத்தில், எழுதியது உண்மை என்று காட்டுவது மட்டும் போதாது. அதை வெளியிட்டது பொது நன்மைக்கு என்றும் காட்ட வேண்டும். பின் நம்பர் போட மறந்தவரை ‘விற்கிறவன்’ என்று எழுதியதில் முதற் படியே ஏறாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தொடருக்கு யு/ஏ 16+ என்ற குறி இருந்ததாக எழுதுகிறீர்கள். அது இந்தியாவின் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இணையத் தளங்கள் இடும் வயதுக் குறி; 16 வயதுக்குட்பட்டவர் பெற்றோரின் வழிகாட்டலுடன்தான் பார்க்கலாம் என்பது அதன் பொருள். 13+ முதல் மேற்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் பெற்றோர் பூட்டு வசதி இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் உள்ளது. அதாவது குறி திரையில் இருந்தது, பூட்டு பொக்ஸில் இருந்தது, 14 வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தது. இதை நீங்களே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் முதற் குறுக்குக் கேள்வி உங்களுக்குத்தான். கடைக்காரரின் வாய்ப் பேச்சு வாக்குறுதியை மீறியதாக வழக்கிட்டால் கிடைப்பது பஸ் கட்டணத்துக்கும் காணாது.

ஆகவே சமரசத்துக்குப் போங்கள். அதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு, என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்தது அங்கேதான். தோட்டத்துத் தபால் பெரும்பாலும் தோட்ட அலுவலகம் வழியாகத்தான் லயத்துக்கு வருகிறது. 14 நாள் கடிதத்தின் திகதியிலிருந்து எண்ணப்பட்டால், உங்கள் கைக்கு வரும்போதே ஒரு வாரம் போயிருக்கும். கடிதம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் ரீலோட் கடைப் பையனிடம் வாசிக்கக் கொடுக்காதீர்கள். கடைக்காரருக்குத் தொலைபேசியில் பேசவோ குரல் பதிவு அனுப்பவோ வேண்டாம். தோட்டத் தலைவர் முன்னிலையில் கைகொடுத்து முடித்துவிட்டோம் என்று திரும்பியவரை, கையெழுத்திட்ட ஒரு துண்டுத்தாள்கூட இல்லாததால் ஆறு மாதம் கழித்து வழக்கு தேடி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவை இன்றே முகநூலிலிருந்து நீக்குங்கள். அதில் என்ன எழுதினீர்கள் என்பதைத் திகதியுடன் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் எதிர்த்தரப்பிடம் அச்சுப் பிரதி இருக்கும். குழுவுக்கு அனுப்பிய காட்சியைத் திரும்பப் பெற முடிந்தால் பெறுங்கள். கைபேசியில் உள்ள பிரதியை என்ன செய்வது என்பதை உங்கள் சட்டத்தரணியின் முன்னிலையில் முடிவு செய்யுங்கள், அதுவரை எவருக்கும் காட்டவோ அனுப்பவோ வேண்டாம். பதிற் கடிதத்தில் ‘மன்னிப்பு’ என்ற சொல் வேண்டாம். உரிமைகளுக்குப் பாதிப்பின்றியும் பொறுப்பை ஏற்காமலும் எழுதப்படுகிறது என்ற வாசகம் தலைப்பிலேயே இருக்க வேண்டும். பதிவு நீக்கப்பட்டது, அதே பக்கத்தில் ஒரு விளக்கம் இடப்படும், பணம் கைமாறாது, இரு தரப்பும் மேலும் நடவடிக்கை எடுப்பதில்லை: இந்த நான்குடன் கடைக்காரர் வந்து பூட்டைப் போட்டுத் தருவதையும் ஐந்தாவதாகக் கேட்கலாம். அவர் இணங்கினால் மத்தியஸ்த சபையில் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

மகளைச் சாட்சியாகக் கூட்டி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம்.