‘ஜஸ்ட் நவ்’ என்றால் எப்போது?

கேள்வி: மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. குழாய் பழுதுபார்ப்பவரைக் காலை ஒன்பது மணிக்கு அழைத்தேன். ‘ஐ வில் கம் ஜஸ்ட் நவ்’ என்றவர், பிற்பகல் மூன்று மணிக்குச் சிரித்த முகத்துடன் வந்து நின்றார். நான் பள்ளியில் கற்ற பொருள் தவறா? – வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: தாங்கள் கற்றதில் தவறில்லை. ‘ஹி லெஃப்ட் ஜஸ்ட் நவ்’ என்றால் அவர் சற்று முன்புதான் புறப்பட்டார் என்றும், ‘ஐ ஆம் பிஸி ஜஸ்ட் நவ்’ என்றால் இந்நேரம் கையில் வேலை இருக்கிறது என்றும் பொருள். இவ்விரண்டும் இங்கேயும் வழங்குகின்றன. ஆனால், அதே தொடர் எதிர்கால வினையோடு சேரும்போது, தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘இன்னும் சிறிது நேரம் கழித்து’ என்னும் பொருளைத் தருகிறது. அந்தச் சிறிது நேரம் பத்து நிமிடத்திலும் முடியலாம். பொழுது சாயும்வரை நீளவும் செய்யலாம்.

இது இந்நாட்டில் வழங்கும் ஆஃப்ரிகான்ஸ் மொழியின் ‘நெட்நோ’ என்னும் சொல்லின் சாயல் என்பர். அச்சொல்லும் முன்னர் நிகழ்ந்ததற்கும் பின்னர் நிகழவிருப்பதற்கும் பொதுவாக நிற்பது. ‘நவ் நவ்’ என்று இங்குள்ளவர்கள் இரட்டித்துச் சொன்னால், வருகை ‘ஜஸ்ட் நவ்’ என்பதைவிட விரைவில் நேரும் என்று கொள்ளலாம். விரைவு குறித்து ‘வா வா’, ‘போ போ’ என்று சொல்லை அடுக்கும் நமக்கு இதை நினைவில் வைப்பது கடினமன்று. உடனடியாக என்பதற்கு ‘ரைட் நவ்’ என்றே சொல்ல வேண்டும்.

குழாய்க்காரரைக் கடிந்துகொள்ளுமுன் நம் பேச்சையும் எண்ணிப் பார்க்கலாம். புறப்படவே இல்லாதவர் தொலைபேசியில் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று இறந்தகாலத்தில் சொல்வதில்லையா? விரைவு கருதி எதிர்காலத்தை இறந்தகாலமாகக் கூறுவதைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இதைக் காலவழுவமைதி என்பர். சொன்னவர் உண்மையாகவே விரைந்தாரா என்பது இலக்கணத்துக்கு அப்பாற்பட்டது.

பிள்ளைகள் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் எதிர்காலப் பொருளில் இத்தொடரைத் தவிர்த்து, ‘ஷார்ட்லி’ என்றோ நேரத்தைக் குறிப்பிட்டோ எழுதுவது நல்லது. வெளிநாட்டில் அக்கடிதத்தைப் படிப்பவர் இதை ‘இப்போதே’ என்று எடுத்துக்கொண்டு காத்திருக்கக்கூடும். அடுத்த முறை குழாய் ஒழுகினால், ‘எத்தனை மணிக்கு?’ என்று ஒரு சொல் கூடுதலாகக் கேட்டுவிடுங்கள்.