பாக்டீரியா தங்கத்தை உருவாக்குமா?

"பாக்டீரியாக்கள் தங்கத்தை உருவாக்குகின்றன என்று படித்தேன். உண்மையா? வெள்ளி, பிளாட்டினத்திலும் இப்படி நடக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லாத தங்கத்தை உண்டாக்குவதா என்று கேட்டால், இல்லை. தங்க அணுக்கள் பூமி பிறப்பதற்கு முன்பே, நியூட்ரான் விண்மீன்கள் மோதிக்கொள்வது போன்ற நிகழ்வுகளில் உண்டானவை. எந்த உயிராலும் புதிதாக ஓர் அணுவைக்கூடச் செய்ய முடியாது. ஆனால் மண்ணில் சிதறிக் கிடக்கும் தங்கத்தைக் கரைத்து, நகர்த்தி, வேறோர் இடத்தில் மறுபடி உலோகமாகச் சேர்க்கும் வேலையில் நுண்ணுயிர்களுக்குப் பங்கு உண்டு. நுண்ணுயிரியல் படித்த நாளிலிருந்து என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கும் விஷயம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தங்கம் கரையாது, துருப்பிடிக்காது என்றுதான் நமக்குத் தெரியும். வெறும் தண்ணீரில் அப்படித்தான். கூடச் சேர ஒரு வேதிப்பொருள் கிடைத்தால் கரைந்துவிடும். பைரைட், ஆர்சனோபைரைட் போன்ற கந்தகத் தாதுக்களுக்குள் தங்கம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அளவில் சிக்கியிருக்கும். அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு இரும்பும் கந்தகமும்தான் சாப்பாடு. அவை தாதுவை அரிக்க அரிக்க, உள்ளே அடைபட்ட தங்கம் வெளிப்படும். தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986 முதல் இதே முறையில் தொட்டிகளில் பாக்டீரியா வளர்த்துத் தாதுவைப் பக்குவப்படுத்துகிறார்கள். கந்தகம் சிதையும் வழியில் தயோசல்ஃபேட் என்ற கந்தகச் சேர்மம் உண்டானால், அது தங்கத்தைப் பற்றிக்கொண்டு நீரோடு போகும். அப்புறம், குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற மண்வாழ் பாக்டீரியா சயனைடையே சுரக்கிறது. சுரங்கங்களில் தங்கத்தைக் கரைக்கப் பயன்படுத்துகிறார்களே, அதே சயனைடுதான்.

சரி, கரைந்த தங்கம் எப்படித் திரும்ப உலோகமாகிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கரைந்த தங்கம் பாக்டீரியாவுக்குக் கடும் விஷம். அந்த விஷத்திலிருந்து தப்பிக்கும் முயற்சியில்தான் தங்கத் துகள் பிறக்கிறது.

இதில் பேர்போனது குப்ரியாவிடஸ் மெட்டாலிடூரன்ஸ். 1976-இல் பெல்ஜியத்தில் ஒரு துத்தநாக ஆலையின் கழிவுத் தொட்டியில் கண்டெடுத்தார்கள். வேறு பல உயிர்களைக் கொன்றுவிடும் அளவு உலோகத்தில் இது வாழும். ஆஸ்திரேலியத் தங்கத் துகள்களின் மேல் படிந்திருந்த உயிர்ப்படலத்திலும், அதாவது நுண்ணுயிர்கள் கூட்டமாக ஒட்டி வாழும் மெல்லிய படலத்திலும், இதற்கு நெருங்கிய உறவான பாக்டீரியா இருப்பதை ஆய்வாளர் ஃபிராங்க் ரெய்த் குழு 2006-இல் காட்டியது. உள்ளே நடப்பதை ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் டீட்ரிஷ் நீஸ் குழு ஆராய்ந்தது. இந்த பாக்டீரியாவுக்குச் செம்பு கொஞ்சம் வேண்டும், அதிகமானால் ஆபத்து. மிகுந்த செம்பை வெளியே தள்ள கப்ஏ என்ற புரதம் வைத்திருக்கிறது. தங்கமும் சேர்ந்து நுழைந்தால் அந்தப் புரதம் முடங்கிப்போகும். அப்போது காப்ஏ என்ற நொதி கைகொடுக்கிறது. செம்பையும் தங்கத்தையும் செல்லுக்குள் எளிதில் நுழைய முடியாத வடிவத்துக்கு அது மாற்றிவிடும். செல்லைச் சூழ்ந்திருக்கும் இரு சவ்வுகளுக்கு இடையிலேயே தங்கம் நானோ துகளாக, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகளாக, படிந்துவிடுகிறது. டெல்ஃப்டியா அசிடோவோரன்ஸ் இன்னும் உஷார்: டெல்ஃப்டிபாக்டின் என்ற பொருளை வெளியே விட்டு, தங்கம் உள்ளே வருவதற்கு முன்பே திடமாக்கிவிடுகிறது. இதைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் வெளியிட்டார்கள்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தங்க குளோரைடு கரைசல் வெளிர் மஞ்சளாக இருக்கும். பாக்டீரியா செல்களைக் கலந்து வைத்துவிட்டுப் போனோம். மறுநாள் வந்தால் குழாய் முழுக்க நாவல்பழச் சாறு போல ஊதா. அவ்வளவு சிறிய துகளாக இருக்கும்போது தங்கம் மஞ்சளாகத் தெரியாது. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன்.

இயற்கையில் இதன் தடயம் ஆற்று மணலில் கிடைக்கும் தங்கத் துகளில் தெரியும். ஒரு துகளை அறுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவே வெள்ளி கலந்த தங்கம், விளிம்பில் வெள்ளி ஏறக்குறைய இல்லாத மெல்லிய பட்டை, கிட்டத்தட்ட பத்தரை மாற்று. வெள்ளி முதலில் கரைந்து போவதும், கரைந்த தங்கம் மேலே புதிதாகப் படிவதும் சேர்ந்து செய்த வேலை அது. இதை வைத்துக்கொண்டு பெரிய தங்கக் கட்டிகளையும் பாக்டீரியாதான் வளர்த்தது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அவற்றின் உட்படிக அமைப்பும் வெள்ளி அளவும், பூமியின் ஆழத்தில் சூடான நீர்மங்களிலிருந்து அவை பிறந்தவை என்பதையே பெரும்பாலும் காட்டுகின்றன. மேற்பரப்பைத்தான் நுண்ணுயிர்கள் மாற்றியமைக்கின்றன.

வெள்ளி, பிளாட்டினம்? இரண்டுக்குமே ஆம். வெள்ளிச் சுரங்கத்தில் கிடைத்த சூடோமோனாஸ் ஸ்டட்சேரி என்ற பாக்டீரியா, 200 நானோமீட்டர் வரை வெள்ளிப் படிகங்களைத் தன் உடலுக்குள் சேர்ப்பதை 1999-இல் பதிவு செய்தார்கள். சில படிகங்கள் அச்சு வார்த்தது போல முக்கோணமாகவும் அறுகோணமாகவும் இருந்தன. பிரேசில், கொலம்பியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் பிளாட்டினத் துகள்களிலும் உயிர்ப்படலம் இருப்பதை ரெய்த் குழு 2016-இல் காட்டியது. பூஞ்சையும் சளைத்ததல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாடிங்டன் பகுதி மண்ணில் கிடைத்த ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் தன் இழைகளின் மேல் தங்கத்தைப் பூசிக்கொள்வது 2019-இல் வெளியானது. அடியில் தங்கப் படிவு இருக்கிறதா என்று துளையிடுவதற்கு முன் அறிய இந்தப் பூஞ்சை உதவுமா என்றும் அங்கே பார்க்கிறார்கள்.

வீட்டில் பாக்டீரியா வளர்த்துத் தங்கம் எடுக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அதற்கு வேண்டிய தங்க குளோரைடே தங்கத்தைக் கரைத்துச் செய்வதுதான். எவ்வளவு கரைத்தீர்களோ, அதற்கு மேல் ஒரு குந்துமணிகூடத் திரும்ப வராது.