1914 ஃபோர்டு மாடல் டி டூரிங்: முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: டெட்ராய்ட் அருகே வசிக்கிறேன். 1914 மாடல் டி டூரிங் கார் (மடக்குக் கூரை போட்ட திறந்த கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ‘முழுக்கப் புதுப்பித்தது’ என்கிறார் விற்பவர். கறுப்பு வண்ணம், பித்தளை ரேடியேட்டர், செல்ஃப் ஸ்டார்ட்டர் எல்லாம் உண்டு. ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும் திறக்கவில்லை. அதைக் குறையாகக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாமா?

பதில்: கதவில் குறையில்லை. அமெரிக்காவில் செய்த அந்தக் காலத்து டூரிங் கார்களில் அந்தப் பக்கம் தகட்டில் அழுத்திய கதவு வடிவம் மட்டுமே இருக்கும். கறுப்பும் சரிதான், 1914 முதல் 1925 வரை ஃபோர்டு வேறு வண்ணம் தரவில்லை.

கேட்க வேண்டியது ஸ்டார்ட்டரைப் பற்றி. ஃபோர்டு மின் ஸ்டார்ட்டரைக் கொடுக்கத் தொடங்கியது 1919-இல். உங்கள் காரில் இருப்பது ஃபோர்டு ஸ்டார்ட்டர் என்றால் எஞ்சின் பெரும்பாலும் பிந்தையது. எஞ்சின் பிளாக்கின் இடப்பக்கம், தண்ணீர் நுழையும் வாய்க்கு மேலே எண் பொறித்திருக்கும். பத்து லட்சமாவது ஃபோர்டு வந்தது 1915 டிசம்பரில். ஆகவே ஏழு இலக்க எண் இருந்தால் அது 1914 எஞ்சின் அல்ல. ஓட்டுவதற்கு அதனால் கெடுதலில்லை, ஆனால் 1914-க்கான விலையைக் கொடுக்காதீர்கள். அந்தக் கால சேசிஸில் எண் கிடையாது. டைட்டில் என்னும் உரிமைப் பத்திரத்தில் வழக்கமாக எஞ்சின் எண்தான் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முன்பணம் வேண்டாம்.

டெட்ராய்ட்டிலேயே, மாடல் டி பிறந்த பிக்கெட் அவென்யூ ஆலை இன்று அருங்காட்சியகம். பேரம் பேசும் முன் ஒரு முறை போய்ப் பாருங்கள், கண் பழகும்.

கேள்வி: புதுப்பித்தது உண்மைதான் என்பதற்கு அவரிடம் எதைக் கேட்பது?

பதில்: முதலில் பின் ஆக்சிலைப் பிரித்தபோது எடுத்த படமும் ரசீதும். ஆக்சில் நடுவே இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் கம்பெனி போட்டது பாபிட் என்னும் மென்னுலோக வாஷர். இத்தனை ஆண்டில் அது பொடிந்துவிடும். பொடிந்தால் ஆக்சிலின் பெரிய பல்சக்கரம் (கிரவுன் கியர்) அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரத்தை (பினியன்) விட்டு விலகிவிடும், இழுவை போய்விடும். மிதிபிரேக் கியர்பெட்டிக்குள் இருக்கிறது. சக்கரங்களை அது பிடிப்பதும் இதே கியர்கள் வழியாகத்தான். எனவே இறக்கத்தில் பிரேக்கும் கூடவே போகும். மிஞ்சுவது பின்சக்கரத்துச் சின்ன ஹேண்ட்பிரேக்தான். வெண்கல வாஷர் மாற்றியதற்கு ஆதாரம் இல்லையென்றால் அந்த வேலைக்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். முடியும்வரை ஓட்டாதீர்கள்.

அடுத்தது கிராங்க்‌ஷாஃப்ட். எஞ்சினை நிறுத்திவிட்டு முன்புறக் கப்பியைக் கடப்பாரையால் முன்னும் பின்னும் நெம்புங்கள். ஆட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்குக்கு மேல் போனால் அதைப் பின்னால் தாங்கும் மெயின் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஃபிளைவீலில் உள்ள 16 காந்தங்களுக்கும் மின்சாரம் எடுக்கும் காயில் வளையத்துக்கும் இடைவெளி கூடி மின்சாரம் குறையும், ஸ்பார்க் பலவீனமாகும்.

சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பாருங்கள். மர ஆரக்கால் ‘கிறீச்’ என்றால் பொருத்து தளர்ந்துவிட்டது. புதிய பெயின்ட் இதை நன்றாகவே மறைக்கும். முன் டயர் 30 x 3, பின் டயர் 30 x 3½. காற்று 60 பவுண்டுக்கு அருகே நிற்க வேண்டும், குறைந்தால் டயர் ரிம்மை விட்டு நழுவும். தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் இருப்பதால் கதவோரங்களையும் தரையோரத்தையும் ஊசியால் குத்திப் பார்க்க மறக்காதீர்கள்.

கேள்வி: ஸ்டார்ட்டர் இல்லாத கார் கிடைத்தால் ஹேண்டில் சுற்றிக் கை உடையுமா?

பதில்: ஸ்பார்க்கைத் தாமதிக்காமல் சுற்றினால் உடையும். தாமதிக்க, ஸ்டியரிங்கின் இடப்பக்க லீவரை முழுக்க மேலே தள்ளுங்கள். இடக்கையால், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. அமுக்கிச் சுற்றவே கூடாது. ஹேண்ட்பிரேக் முழுக்கப் பின்னால் இருந்தால்தான் நியூட்ரல். குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டால் கிளட்ச் அப்போதும் இழுத்து, கார் உங்கள் மேலேயே ஏறும். முன்சக்கரத்துக்கு எதிரே மரக்கட்டை வைத்த பிறகே ஹேண்டிலைத் தொடுங்கள்.