சப்பாத்தி மாவில் யானை செய்தால்

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. உருவங்கள் செய்து விளையாடக் கடையில் விற்கும் கலர் மாவு கட்டுப்படியாகவில்லை என்று கோதுமை மாவில் கலர் சேர்த்துப் பிசைந்து கொடுத்தேன். ஃப்ரிட்ஜில் வைத்தும் மூன்றாம் நாளே புளித்த வாடை. அடுத்த முறை உப்பு சேர்த்தேன், கையெல்லாம் ஒட்டியது. கெடாமல் செய்ய வழி உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: உண்டு. நீங்கள் செய்தது சப்பாத்தி மாவு, அது சப்பாத்தி மாவு போலத்தான் கெடும். அடுத்த முறை உப்பைப் போட்டீர்கள், அடுப்பில்தான் ஏற்றவில்லை. கடைகளில் விற்கும் பிளே-டோ என்ற கலர் மாவும் பெரும்பாலும் கோதுமை மாவு, உப்பு, தண்ணீர்தான். 1956-ல் விளையாட்டுப் பொருளாக வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் அதை வைத்துச் சுவர்க் காகிதத்தின் அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்!

ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு (கல் உப்பு வேண்டாம், நறநறக்கும்), இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு கப் தண்ணீர். எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்து, அடி கனமான நான்-ஸ்டிக் வாணலியில் சிறு தீயில் கிளறுங்கள். முதலில் கஞ்சி, அப்புறம் கூழ், பிறகு திடீரென்று கொழுக்கட்டை மாவு போல ஒரே உருண்டையாகச் சுருண்டு வரும். பதம் பார்ப்பது களிக்குப் பார்ப்பது போலத்தான்: ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. இறக்கிக் கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, பங்கு போட்டு, ஃபுட் கலர் சேருங்கள். மஞ்சள் தூளும் ஆகும், ஆனால் சோபா உறையை மறந்துவிட வேண்டியதுதான்.

இனி எடுத்துவைப்பது. முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். ஒருமுறை நான் அவசரப்பட்டு வெதுவெதுப்பாகவே மூடிவிட்டேன். மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்து, நாலாம் நாள் மாவின் மேல் பஞ்சு போலப் பூசணம். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். எவர்சில்வர் வேண்டாம், இவ்வளவு உப்பு அதையும் அரிக்கும். ஃப்ரிட்ஜ் அவசியமில்லை. இப்படி வைத்தால் சில வாரம் தாங்கும். ஐப்பசி மழையில் உப்பு ஈரம் இழுத்து மாவு பிசுபிசுக்கும், ஒரு சிட்டிகை மைதா தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும். காய்ந்து விரிசல் விட்டால் சில துளி தண்ணீர். வாடையோ புள்ளியோ தெரிந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

விளையாடும் முன் மகளின் கையைக் கழுவிவிடுங்கள், பாதிப் பூசணம் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு துணுக்கை வாயில் வைத்தால் உப்புக் கரித்து அவளே துப்பிவிடுவாள், ஆனால் உருண்டை உருண்டையாக விழுங்க விடாதீர்கள், அத்தனை உப்பு ஆபத்து. கோதுமை ஒவ்வாத குழந்தைக்கு இதைக் கொடுக்கவே கூடாது. வீட்டில் நாய் இருந்தால் டப்பாவை மேல் அலமாரியில் வையுங்கள். நாய் துப்பாது.