காற்றாடி வந்தால் டிவி போய்விடுமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஒளிபரப்பு டிரான்ஸ்மிட்டர் வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். காற்றாலையும் சிக்னலும் பற்றி வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

புவனகிரி பக்கமிருந்து: எங்கள் ஊருக்குக் காற்றாடி வருதுன்னு பேச்சு சார். கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போடப்போகிறோம். வீட்டுக்கு வீடு டிஷ் வேலை செய்யாமல் போகும் என்று மனுவில் முதல் வரியாக எழுதலாமா?

எழுதாதீர்கள், தயவுசெய்து. மொட்டை மாடிக்குப் போய் உங்கள் டிஷ் எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது, நம் ஊரிலிருந்து அது தென்கிழக்கு வானத்தில், தரையிலிருந்து 69 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தட்டைப் பார்த்தால் அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தெரியாது, பாதி சாய்ந்த மாதிரிதான் இருக்கும். சிக்னலை வாங்கும் கொம்பு (எல்.என்.பி.) நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் வகை அது, தட்டு காட்டும் சாய்வைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலே இருந்துதான் சிக்னல் வருகிறது. அப்படியென்றால் இறக்கை நுனி 150 மீட்டர் எட்டுகிற காற்றாடி அதை மறைக்க, உங்கள் வீட்டிலிருந்து சுமார் 60 மீட்டருக்குள், அதுவும் சரியாகத் தென்கிழக்கில் நிற்க வேண்டும். அவ்வளவு பக்கத்தில் வைக்க வந்தால் டிவிக்கு முன்னால் சத்தத்துக்கும் பாதுகாப்புக்குமே நீங்கள் எதிர்க்க வேண்டும்.

இதைச் சொல்வது காற்றாலைக்காரர்களுக்காக அல்ல. ஏரிக்கு வருகிற வரத்து வாய்க்கால் அடைபடுமா, கிரேனும் லாரியும் போக யார் நிலத்தில் பாதை வெட்டுவார்கள், ராத்திரி சத்தம் எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் நியாயமான கேள்விகள். முதல் வரியே தப்பாக இருந்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர் அதை இரண்டு நிமிஷத்தில் உடைப்பார், அப்புறம் வாய்க்காலைப் பற்றி யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

கடலூர் முதுநகர்: வெளிநாட்டில் காற்றாலையால் டிவி கெட்டதாகச் சொல்கிறார்களே, அது பொய்யா?

பொய் இல்லை. அமெரிக்காவில் வட கரோலினாவின் பூன் ஊருக்கு மேலே 1979-ல் 2 மெகாவாட் காற்றாலை ஒன்றை நிறுவினார்கள். இறக்கை எஃகு, விட்டம் 61 மீட்டர். கீழே இருந்த குடும்பங்கள் இரண்டு புகார் சொன்னார்கள்: இரவில் 'தொம் தொம்' என்று வீடே அதிர்கிறது, டிவி படம் ஆடுகிறது. இரண்டும் உண்மை. 1983-ல் கழற்றியே விட்டார்கள். பிளாக் ஐலண்ட் என்ற தீவில் அதே காலத்தில் வைத்த 200 கிலோவாட் இயந்திரத்தாலும் படம் கெட்டது, தீவுக்காரர்களுக்குக் கேபிள் போட்டுக் கொடுத்துச் சரிசெய்தார்கள்.

அந்தக் கால அனலாக் டிவியை நினைத்துப் பாருங்கள். 1975-ல் சென்னை தூர்தர்ஷன் தொடங்கிய பிறகு நம் பக்கத்தில் இரும்புக் குழாயில் ஆன்டெனா கட்டி, ஒருவர் மாடியில் திருப்ப இன்னொருவர் கீழே 'வந்துடுச்சு, போயிடுச்சு' என்று கத்தியது ஞாபகம் இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் பட்டுத் திரும்பும் அலை கொஞ்சம் தாமதமாக வந்து, செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான உருவத்தைக் காட்டும். தொட்டி அசையாது, அதனால் அந்த உருவமும் அசையாது. காற்றாடி இறக்கை சுற்றுகிறது. மூன்று இறக்கை நிமிஷத்துக்கு 15 சுற்று என்றால் 45 முறை அந்த இரண்டாவது உருவம் வந்து வந்து போகும், ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் முழுசாகத் தீராது.

டிஜிட்டலில் இந்தத் திரும்பி வரும் அலையைத் தாங்கவே இடைவெளி விட்டு அனுப்புகிறார்கள், ஆனால் ஏற்கெனவே பலவீனமான சிக்னல் என்றால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அனலாக்குக்கு ஒன்று, டிஜிட்டலுக்கு ஒன்று என்று இதைக் கணக்கிடத் தனித்தனிப் பரிந்துரையே வைத்திருக்கிறது. நம் ஊரில் ஆன்டெனா வைத்துப் பார்க்கும் வீடு இப்போது அரிது.

வில்லியனூர் சகோதரி: நாகர்கோவில் போகும்போது முப்பந்தலில் காரில் எஃப்.எம். கரகரக்கிறது. காற்றாடியாலா?

மலையால்தான் அம்மா. ஆரல்வாய்மொழிக் கணவாயில் இரண்டு பக்கமும் மலை, நிலையம் மலைக்கு அந்தப் பக்கம். காற்று புகுந்து வர அந்தச் சந்துதான் வசதி, அதனால் காற்றாடியும் அங்கேயே நிற்கிறது.

தேவனாம்பட்டினம்: கடலுக்குள் காற்றாலை என்கிறார்களே, எங்கள் வயர்லெஸ் என்ன ஆகும்?

இப்போது பேசப்படுவது மன்னார் வளைகுடா, நம் கடல் இல்லை. ஆனால் நல்ல கேள்வி. படகுகள் அவசரத்துக்கு அழைக்கும் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ் பேச்சுக்குப் பெரிய பாதிப்பு இருக்காது. படகு ரேடார்தான் விஷயம். காற்றாலையின் எஃகுத் தூண்கள் ரேடார் அலையைப் பலமாக எதிரொலித்துத் திரையில் இல்லாத புள்ளிகளைக் காட்டும், அதற்குள் ஒரு ஃபைபர் படகு மறைந்துபோகும். இது உயிர்ப் பிரச்சினை. அங்கே உள்ள மீனவ சொந்தங்களிடம் இதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

கடலூரிலிருந்து கல்லூரி மாணவர்: புயல் ரேடாருக்கு?

தம்பி, இதைத்தான் யாரும் கேட்பதில்லை. டாப்ளர் ரேடார் நகர்வதைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது, சுற்றும் இறக்கை அதற்கு மழையோ காற்றோ மாதிரி தெரியும். ரேடாரிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் காற்றாலை கூடாது என்று உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. காரைக்காலிலும் சென்னையிலும் இருக்கிற ரேடார்கள் நமக்குக் கண் மாதிரி. 2011 டிசம்பர் 30 தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

புவனகிரிக்காரரே மறுபடி: அப்போ சிக்னல் பற்றி மனுவில் ஒன்றுமே வேண்டாமா?

ஒரு வரி போடுங்கள்: கட்டுவதற்கு முன்னும் பின்னும் சிக்னலை அளக்க வேண்டும், கெட்டால் கம்பெனி செலவில் சரிசெய்ய வேண்டும். செல்போன் கோபுரத்துக்குக் கோபுரம் போகும் மைக்ரோவேவ் பாதையில் எதுவும் நிற்கக் கூடாது என்றும் சேருங்கள், அது உண்மையிலேயே அறுபடக்கூடியது. கூடவே நீங்களும் பத்து வீட்டில் செட்டாப் பாக்ஸில் சிக்னல் அளவும் தரமும் காட்டும் பக்கத்தைத் தேதி தெரிய போனில் படம் எடுங்கள், ஒரு வாரம், பகல் ஒன்று இரவு ஒன்று. அடைமழை நாளில் எடுத்ததைத் தனியாக வையுங்கள். மழைக்கு டிஷ் எப்போதும் படுத்துவிடும், அந்தப் படம் நல்ல நாள் கணக்கில் கலந்தால் உங்கள் ஆதாரமே கெட்டுப்போகும்.